மகனோ மகளோ கால்நடை டாக்டராக வேண்டுமா? பத்தாம் வகுப்பு முடிந்ததும் கவனம் தேவை

நாலு மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கால்நடை டாக்டராகும் ஆசை வருவது இயல்பு. கன்று குறுக்கே திரும்பி, ஈன முடியாமல் தவித்த பசுவை டாக்டர் வந்து காப்பாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை. பெற்றோரும் 'படிக்கட்டும்' என்றே நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் படிப்புக்கு எந்த வழியாகப் போவது என்று பலரும் பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் பாதி வழி அடைபட்டுப் போகிறது.

கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா, முடியாதா என்பது, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று பள்ளியில் எழுதிக் கொடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் பணச் செலவு ஒன்றும் இல்லை. கவனம் மட்டுமே வேண்டும்.

எந்தப் பிரிவில் சேர்ப்பது?

பி.வி.எஸ்சி. என்று சொல்லப்படும் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புக்கு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு பாடங்களாகப் படித்திருந்தாலும் சரிதான். கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவில் உயிரியல் கிடையாது. அதில் படித்தவர் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் விண்ணப்பிக்கவே முடியாது. 'கம்ப்யூட்டர் எடுத்தால் உடனே வேலை' என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சேர்த்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து வருந்துகிற குடும்பங்கள் எல்லா வட்டாரங்களிலும் உண்டு.

கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு கிடைத்து, பிள்ளைக்குக் கணிதம் சுமையாகத் தெரியாவிட்டால் அதில் சேர்ப்பதே நல்லது. கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் போனால், அதே பல்கலைக்கழகம் நடத்தும் உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் ஆகிய பி.டெக். படிப்புகளுக்குக் கணிதம் தேவைப்படும். கணிதம் இழுபறியாக இருக்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். தாவரவியல், விலங்கியல் பிரிவில் நிம்மதியாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கினால் அதுவே போதும்.

சில கிராமத்து மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் பிரிவே இருக்காது. அல்லது அந்த ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும். அப்படியானால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதற்குத் தயங்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் பயண அட்டை இலவசம். தினமும் பத்து மைல் போய் வருவது சிரமம்தான். ஆனாலும் விருப்பமில்லாத பிரிவில் இரண்டு ஆண்டைக் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தொழிற்கல்விப் பிரிவில் படிப்பவர்களுக்கும் தனித் தரவரிசைப் பட்டியல் உண்டு. எல்லாத் தொழிற்பிரிவுக்கும் இது பொருந்தாது. எந்தெந்தப் பாடங்கள் படித்திருந்தால் ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் குறிப்பேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் கணக்கு

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பை நடத்துவது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை தயாராகிறது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200 என்று கணக்கிடுகிறார்கள்.

ஒரு மாணவி உயிரியலில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கியதாக வைத்துக்கொள்வோம். உயிரியல் 92 அப்படியே சேரும். இயற்பியல் 84-இல் பாதி 42. வேதியியல் 88-இல் பாதி 44. ஆக அவருடைய கட்-ஆஃப் 178. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவருக்கு இரண்டின் சராசரி உயிரியல் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளப்படும்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயிரியலில் ஒரு மதிப்பெண் கூடினால் தரவரிசையில் ஒரு மதிப்பெண் முழுதாகக் கூடும். இயற்பியலில் அதே பலன் கிடைக்க இரண்டு மதிப்பெண் வாங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இயற்பியலைக் கண்டு பயந்து, டியூஷன், இரவுப் படிப்பு எல்லாவற்றையும் அதற்கே கொடுத்துவிட்டு, 'உயிரியல் மனப்பாடம்தானே' என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கால்நடை மருத்துவம் குறிக்கோள் என்றால் இந்தப் பழக்கம் தலைகீழாக மாற வேண்டும். அதற்காக இயற்பியலைக் கைவிடுவதும் ஆகாது. கடைசி இடங்களில் அரை மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னும் பின்னுமாக நிற்பார்கள். ஆங்கிலம் கட்-ஆஃபில் சேராது; ஆனால் தகுதிக்கு அதுவும் பார்க்கப்படும்.

போட்டி கடுமைதான். அண்மை ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். இருக்கும் இடங்கள் சில நூறு. வெறும் தேர்ச்சி மதிப்பெண் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயன் இல்லை. வயதும் பார்க்க வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நீட் வேண்டுமா?

இந்தக் கேள்வியில்தான் விவசாயக் குடும்பங்கள் அதிகப் பணத்தை இழக்கின்றன. தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேர்வு தேவையில்லை. இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடாகப் பிரிக்கப்படுகிறது. அந்த இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண்ணை வைத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் கலந்தாய்வு நடத்துகிறது. கேரளம் போன்ற சில மாநிலங்களில் மாநில இடங்களுக்கும் நீட் பார்க்கப்படுகிறது.

ஆகவே தமிழ்நாட்டுப் பிள்ளை நீட் எழுதினால் கூடுதல் கதவு ஒன்று திறக்கும். எழுதாவிட்டால் வழி மூடிவிடாது. ஆசை இருந்தால் பிளஸ் டூவோடு சேர்த்து ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும். கறவை மாட்டை விற்று, நகரத்து விடுதியில் தங்கவைத்து, ஓராண்டு நீட் பயிற்சிக்கு அனுப்பினால்தான் மாட்டு டாக்டராக முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அரசுப் பள்ளியில் படித்தால்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2021-இல் சட்டமாக்கி, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தும். இவர்கள் தங்களுக்குள்ளேயே போட்டியிடுவதால், பொதுப் பட்டியலில் இடம் கிடைக்காத மதிப்பெண்ணுக்கும் இதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இந்த விதியைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, 'பத்தாம் வகுப்புக்காவது நல்ல பள்ளி' என்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கையில் கடன் இருக்கும். உள் ஒதுக்கீட்டு உரிமை போயிருக்கும். அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது. தனியார் பள்ளிக்கு மாற்றுவது அவரவர் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுத்து மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

சான்றிதழ்கள்

விண்ணப்பம் பிளஸ் டூ முடிவை ஒட்டி, பல்கலைக்கழகத்தின் இணையதளம் வழியாகவே பெறப்படுகிறது. ஊரில் உள்ள இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றைத் தேர்வு நடக்கும் மாதங்களிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு ஊரே தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கும். எல்லையோரக் கிராமங்களில் இருந்து ஆந்திரத்திலோ கர்நாடகத்திலோ கேரளத்திலோ சில வகுப்புகள் படித்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்றும் தேவைப்படும். தகப்பனார் பெயரின் முன்னெழுத்து ஒரு சான்றில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாகும் முன்பே திருத்திக்கொள்வது நலம்.

ஐந்தரை ஆண்டுப் படிப்பு

ஒரு காலத்தில் இந்தப் படிப்புக்குச் சென்னைதான் போக வேண்டும். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றே இருந்தது. 1985-இல் நாமக்கல்லில் இரண்டாவது கல்லூரி வந்தது. 1989-இல் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. 2012-இல் திருநெல்வேலியிலும் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும், 2020-இல் சேலம் மாவட்டம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கலந்தாய்வில் தரவரிசைப்படி கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் ஒன்றே.

படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓராண்டு மருத்துவமனை, பண்ணைப் பயிற்சி. ஆக ஐந்தரை ஆண்டு. முதலில் உடற்கூறு, உடல் இயக்கம், கால்நடை வளர்ப்பு. பிறகு நோய்க்கிருமிகள், ஒட்டுண்ணிகள், மருந்தியல், தீவனம், இனவிருத்தி. கடைசியில் மருத்துவம், அறுவைச் சிகிச்சை, சினை, ஈற்று தொடர்பான சிகிச்சை என்று போகும். மாடு, ஆடு, கோழி மட்டும் இல்லை. குதிரை, நாய், பன்றி, காட்டு விலங்குகள் எல்லாம் பாடத்தில் உண்டு.

பாடம் முழுதும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் ஆண்டில் உடற்கூறு வகுப்பில் திணறுவது வழக்கம். எலும்புக்கும் நரம்புக்கும் லத்தீன் பெயர்கள் வரிசையாக வரும். இதற்கு மருந்து பதினோராம் வகுப்பிலேயே இருக்கிறது. தமிழ் உயிரியல் புத்தகத்தோடு அதன் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்திலும் உள்ள கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் போதும்.

விவசாய வீட்டுப் பிள்ளைக்கு மற்றவர்களிடம் இல்லாத முதல் ஒன்று இருக்கிறது. மாட்டை எந்தப் பக்கம் நெருங்க வேண்டும், எப்போது உதைக்கும் என்று அதற்குத் தெரியும். அந்த முதலைப் பெருக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டுப் பசு பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, கன்று ஈன்ற தேதி, காலை மாலைப் பாலின் அளவு ஆகியவற்றைப் பிள்ளையே எழுதி வரட்டும். பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருவதும், சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்குச் சுமார் 310 நாள், ஆட்டுக்குச் சுமார் 150 நாள் என்பதும் புத்தகத்தில் படிக்கும் முன்பே கைக்கணக்காகிவிடும். ஊசி போட்டு 21-ஆம் நாள் மாடு மறுபடி கத்துகிறதா என்று பிள்ளை கவனித்துச் சொன்னால், வீட்டுக்கும் ஒரு சினைப்பருவம் வீணாகாமல் தப்பும்.

விடுமுறையில் ஒரு வாரம் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதும் நல்லது. ரத்தம், சீழ், சாணம், அழுகிய நஞ்சுக்கொடி எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். வெறிநாய்க்கடி, கருச்சிதைவு நோய் போன்றவை மிருகத்திலிருந்து மனிதருக்கும் தொற்றக் கூடியவை. நள்ளிரவில் அழைப்பு வரும். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாகப் படிக்கவைக்கலாம். பெண் பிள்ளைக்கு இது ஆகாது என்ற பேச்சு இப்போது செல்லாது. கால்நடைக் கல்லூரி வகுப்புகளில் மாணவிகள் பெரும் எண்ணிக்கையில் படிக்கிறார்கள்.

பணத்துக்கு என்ன வழி?

அரசுப் பல்கலைக்கழகத்தில் கலந்தாய்வு மூலம் சேரும் பிள்ளைக்காக நிலத்தை விற்க வேண்டிய அவசியம் வராது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. முதல் பட்டதாரிச் சலுகையும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்டோருக்கான உதவித்தொகைகளும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1000 வழங்கும் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கு அதே போன்ற திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. எந்தச் சலுகை யாருக்குப் பொருந்தும், சேரும் ஆண்டில் விதி எப்படி இருக்கிறது என்பதைப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் கல்லூரி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீதிக்குக் கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. தகப்பனாரோ தாயாரோ கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் 7½ லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதியின் கீழ் அடமானம் இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. கந்து வட்டிக்காரரிடம் போகும் முன் வங்கி மேலாளரைப் பார்ப்பதே முறை.

ஏமாற வேண்டாம்

மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டைத் தேடிச் சில ஆட்கள் வருவார்கள். 'வெளி மாநிலத்தில் கல்லூரி, சில லட்சம் கட்டினால் போதும்' என்பார்கள். வெளி மாநிலங்களில் முறையான தனியார் கால்நடைக் கல்லூரிகளும் இருக்கின்றன. எனவே பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தக் கல்லூரிப் பட்டம் 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறதா? அதில் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்க்கவும் முடியாது. 'விண்ணப்பித்திருக்கிறோம், அடுத்த வருஷம் வந்துவிடும்' என்ற பதிலை அங்கீகாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையின் ஐந்தரை ஆண்டும் குடும்பத்தின் நிலமும் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

ஆறு மாத, ஒரு வருட 'கால்நடை டிப்ளமோ'க்களின் கதையும் இதுதான். அவற்றைப் படித்தால் டாக்டர் ஆகலாம் என்று விளம்பரம் செய்வது பொய். அரசு ஏற்றுக்கொண்ட டிப்ளமோவோ சான்றிதழோ பெற்றவர்கள்கூட, பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில், தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற முதலுதவி வேலைகளை மட்டுமே செய்யலாம் என்று அதே சட்டம் சொல்கிறது.

படித்த பிறகு

பட்டம் வாங்கியதும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கால்நடை உதவி மருத்துவர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இந்த அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை என்பதை மனத்தில் வைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பால் கூட்டுறவு ஒன்றியங்கள், நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகள், தீவன ஆலைகள், மருந்து நிறுவனங்கள், ராணுவத்தின் கால்நடைப் பிரிவு, சொந்த மருத்துவமனை என்று பல இடங்கள் உண்டு. மேலும் இரண்டு ஆண்டு படித்தால் எம்.வி.எஸ்சி.; அதற்கு மேல் ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி.

இடம் கிடைக்காவிட்டால்

நல்ல மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காமல் போகும் பிள்ளைகளே அதிகம். கணிதம் படித்தவருக்கு முன்பே சொன்ன பி.டெக். படிப்புகள் இருக்கின்றன. பால், கோழி, உணவுத் தொழிற்சாலைகளில் அவர்களுக்கு வேலை உண்டு. வேளாண்மை, மீன்வளப் பட்டப்படிப்புகளுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணே வழி. கால்நடைக்கு விண்ணப்பிக்கும்போதே அவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றின் முடிவுக்குக் காத்திருந்தால் மற்றதன் தேதி போய்விடும்.

ஊரை விட்டுப் போக விரும்பாத பிள்ளைக்குச் செயற்கைமுறைக் கருவூட்டல் பயிற்சி இருக்கிறது. 'மைத்ரி' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், வகுப்பும் களப்பயிற்சியுமாகச் சுமார் மூன்று மாதம். முடித்தவர்கள் ஊர் ஊராகச் சென்று சினை ஊசி போட்டுக் கட்டணம் பெறலாம். எந்த மாவட்டத்தில் எப்போது பயிற்சி தொடங்குகிறது என்பதை மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும்.